மூன்று மாதத்துக்கு அல்சர்

ஜனவரி 2

வந்துவிட்டது.

பத்து நாள் தள்ளிப்போய், நான் மனதுக்குள் பெயர் வரை யோசித்து முடித்த பிறகு, இன்று காலை கம்பெனி பஸ் ஏறும் நேரத்தில் வந்துவிட்டது. கல்யாணமாகி இரண்டரை வருடமாக என் உடம்பு என்னோடு இதே விளையாட்டைத்தான் விளையாடுகிறது. தள்ளிப்போகும். ஆசை காட்டும். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி வந்து நிற்கும்.

அத்தையிடம் நான் வாய் திறந்து சொன்னதே இல்லை. மெடிக்கல் ஷாப்பிலிருந்து நான் கொண்டுவரும் கறுப்பு கவரைப் பார்த்தே மாமியாருக்குத் தெரிந்துவிடும். இன்றும் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் மீன் கூடையை எடுத்துக்கொண்டு ஏலத்துக்குப் போய்விட்டார். அதுதான் எனக்கு ஆத்திரம். திட்டினாலாவது பதில் சொல்லலாம். அத்தைக்கு ரத்னா என்று பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் பேச்சையும் சேர்த்து வைத்திருக்கக் கூடாதா?

சரி, அழுது முடித்தாகிவிட்டது. போனில் இருக்கும் செயலி ஜனவரி பதினைந்தைச் சுற்றிப் பச்சை வட்டம் போட்டிருக்கிறது. அன்றைக்குத்தான் முட்டை வெளிவருமாம். அன்று என் கணவர் விஜி வீட்டில் இருக்க வேண்டும். இருப்பார். நான் சொன்னால் இருப்பார்.

ஜனவரி 9

இருக்க மாட்டார். பாடு குலுக்கல் முடிந்துவிட்டது.

ஊத்துக்கோட்டையில் நெல் வயலைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தப் பாடு விவகாரம் புரியவே ஒரு வருடம் ஆனது. ஏரியில் இறால் நிறைய ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். எந்தக் குழு, எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்று ஊரே உட்கார்ந்து சீட்டுப் போட்டு முறை வைக்கும். அந்த முறைதான் பாடு. முறை வந்த நாளில் போகாவிட்டால் இடம் அடுத்த குழுவுக்குப் போய்விடும். பெண்டாட்டி கூப்பிட்டாள் என்று வீட்டில் நின்றுவிட்டால் ஊரே சிரிக்கும்.

இந்தத் தடவை விஜி குழுவுக்கு முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. நாளைக்கே போனால் இருபத்தைந்தாம் தேதிதான் திரும்புவார்கள். அங்கேயே மணலில் கொட்டகை போட்டுத் தங்கல்.

"அப்ப பதினஞ்சாம் தேதி?" என்றேன்.

"இன்னா பண்றது ஹேமா, சீட்டு அப்பிடி வுழுந்துச்சு. படகுலயே ஒரு பானை வெச்சிப் பொங்கிக்குவோம். நீ கவலைப்படாத."

நான் பொங்கலைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்திருக்கிறார். இந்த மனிதனை வைத்துக்கொண்டு எப்படி வம்சம் விருத்தியாகும்.

ஜனவரி 15

பொங்கல். விஜி ஏரிக்கு அந்தப் பக்கம், பச்சை வட்டம் போனுக்குள்ளே. சர்க்கரைப் பொங்கலில் முக்கால் பானையை நானே சாப்பிட்டேன்.

ஜனவரி 26

கம்பெனியில் கொடி ஏற்றினார்கள். ஆளுக்கு ஒரு லட்டு, ஒரு பாக்கெட் மிக்சர், பிறகு லீவு. பத்து மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தேன்.

விஜி நேற்று சாயங்காலமே வந்துவிட்டார். முதுகெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது. நாளை விடியற்காலையில் மறுபடி அங்கேதான் போகவேண்டும். இன்னொரு குழுவில் ஒரு சாவு விழுந்ததால் அவர்கள் முறையை இவர்களுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஆக எங்களுக்குக் கிடைத்தது இந்த ஒரு நாள்.

செயலியைக் கேட்டால் எல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது என்கிறது. அதனாலோ என்னவோ, இரண்டு பேர் முகத்திலும் பரீட்சை எழுதப் போகிற களை இல்லை. என் பங்கு மிக்சரை அவர் திருடித் தின்றார், அதற்கு ஒரு சண்டை போட்டேன். ரொம்ப நாள் கழித்து வயிறு வலிக்கச் சிரித்தோம். மற்றதை இங்கே எழுதுவதாக இல்லை.

பிப்ரவரி 6

தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. வழக்கம்தான். இந்தத் தடவை பெயரெல்லாம் யோசிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் யோசித்தேன்.

பிப்ரவரி 11

இரண்டு கோடு.

பெயிண்ட் கம்பெனி லேபில் நாள் முழுக்க சாம்பிளுக்கு ரிசல்ட் எழுதுகிறவள் நான். ஒரு ரிசல்ட்டை விளக்குக்கு நேரே தூக்கித் தூக்கிப் பார்த்தது இதுதான் முதல் தடவை. நம்பாமல் இன்னொரு கிட்டையும் பிரித்தேன். அதிலும் இரண்டு கோடு.

மத்தியானம் கேன்டீனில் உட்கார்ந்து இதை நினைத்து நினைத்து நானே சிரித்துக்கொண்டேன். முட்டைக்கு ஆயுசு ஒரே நாள். விந்தணு பொறுமைசாலி, நாலைந்து நாள்கூடக் காத்துக் கிடக்கும். இரண்டும் கருக்குழாயில் சந்தித்து ஒன்றாகி, அந்த ஒன்று இரண்டாகப் பிரிந்து, நாலாகி, எட்டாகி, உருண்டுகொண்டே கர்ப்பப்பைக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம். அங்கே சுவரில் ஒட்டிக்கொண்டதும் அது செய்கிற முதல் வேலை, என் ரத்தத்தில் ஒரு ரசாயனத்தை விடுவது. நான் வந்துவிட்டேன், இந்த மாதம் கதவைத் திறக்காதே என்று உடம்புக்குச் சொல்லி அனுப்புகிறது. கிட்டில் தெரிந்த இரண்டாவது கோடு அந்தச் சேதிதான். கண்ணுக்கே தெரியாத அளவில் இருந்துகொண்டு என்ன அதிகாரம் பார். என்னைத்தான் உரித்து வைத்திருக்கும்.

விஜியிடம் சொன்னேன். படகில் கிடந்த வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் மறுபடி பிரித்தார், மறுபடி சுருட்டினார். "மெய்யாலுமா?" என்று மட்டும் மூன்று தடவை கேட்டார்.

அத்தை என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினார். இத்தனை நாள் பேசாதவருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பேச்சு வந்ததோ.

"மூணு மாசம் முடியற வரைக்கும் மூச்சு வுடக்கூடாது. அக்கம்பக்கம், வேலை செய்யற எடம், யாருக்கும் கிடையாது. உங்க நைனாவுக்குக்கூட அப்பறமாச் சொல்லிக்கலாம்."

"கம்பெனில நாளைக்கே சொல்லணும் அத்த. நான் நிக்கற எடத்துல தின்னர் வாசனை. குழந்தைக்கு மூளை, முதுகெலும்பு, இதயம் எல்லாத்துக்கும் அஸ்திவாரம் போடறது இந்த முதல் சில வாரத்துலதான். மூணு மாசம் கழிச்சிச் சொன்னா ஊடு கட்டி முடிச்ச அப்பறம் கொத்தனார்கிட்ட போய் நிக்கற மாதிரி."

"கண்ணு பட்டா இன்னாடி பண்ணுவ?"

"தின்னர் பட்டா இன்னா பண்றது, அதைச் சொல்லுங்க."

மறுபடி வாயை மூடிக்கொண்டார். இந்தத் தடவை அது கோபம் இல்லை, வேறு என்னவோ.

பிப்ரவரி 12

சொல்லிவிட்டேன்.

லேப் மேனேஜர் மணவாளன் சார் திருவள்ளூர்க்காரர். நெற்றியில் கீற்று போடாமல் ஷிஃப்டுக்கு வரமாட்டார், யாரையும் குரல் உயர்த்திப் பேசவும் மாட்டார். எழுந்து நின்று கை குவித்தார். "ரொம்ப சந்தோஷம்மா. நாளையிலேர்ந்து நீ சாம்பிள் பக்கம் வரவேணாம். கம்ப்யூட்டர் ரூம்ல ரிப்போர்ட் போடு, அங்க வாசனை வராது." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அப்போதே ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

ஏப்ரலில் வர இருந்த ஷிஃப்ட் இன்சார்ஜ் வேலை. நான்கு வருடமாக நான் கண் வைத்திருந்தது. அதற்கு ஃப்ளோரில் நிற்க வேண்டும். "இப்போதைக்கு பானுவுக்குக் குடுக்கலாம்னு பாக்கறேன். நீ திரும்பி வந்ததும் பாத்துக்கலாம்."

"இப்போதைக்குன்னு சொல்றதை மெயில்ல போட்டுடுங்க சார்" என்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு சிரித்துக்கொண்டே என் கண் முன்னாலேயே அடித்து அனுப்பினார். என்னோடு லேபில் நிற்கும் பானு வந்து கட்டிக்கொண்டாள். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்று எழுத ஆசை. கொஞ்சம் இருக்கிறது. நாளைக்குப் போய்விடும்.

ஃபோலிக் ஆசிட் மாத்திரை வாங்கியாயிற்று. உண்மையில் இதை முன்கூட்டியே ஆரம்பித்திருக்க வேண்டும். இன்றாவது ஆரம்பித்தேன்.

பிப்ரவரி 17

எனக்கு அல்சர்.

டாக்டர் சொல்லவில்லை, அத்தை சொன்னது. காலையில் வாசலில் நான் குமட்டிக்கொண்டு நின்றதை எதிர்வீட்டில் பார்த்துவிட்டார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "கம்பெனில நேரத்துக்கு நாஷ்டா துண்றதில்ல, வவுறு புண்ணாப் பூடுச்சு" என்று முடித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்கச் சேதி போய், மூன்று வீட்டிலிருந்து மணத்தக்காளிக் கீரை வந்தது. மோர் தனி.

ஏலம் விடும் பச்சையப்பன் அண்ணன் இருக்கிறாரே, அவர் சாதாரணமாகப் பேசினாலே அக்கரைக்குக் கேட்கும். பஸ் ஸ்டாப்பில் அத்தனை பேர் நடுவில் "இன்னாம்மா, அல்சர் எப்பிடிக் கீது? காரம் தொடாதே" என்கிறார். தலையை ஆட்டினேன். பொய் சொல்வதற்கே தனியாக வாந்தி வரும் போலிருக்கிறது.

பிப்ரவரி 20

துடிப்பு தெரியல.

இல்லன்னு சொல்லல. தெரியலன்னுதான் சொன்னாங்க. ரெண்டும் ஒண்ணா? ஒண்ணு இல்ல. ஒண்ணு இல்லதான?

கும்மிடிப்பூண்டி பஜாரில் டாக்டர் சுமலதாவிடம் போனோம், நானும் அத்தையும். கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி கேட்டார்கள், சொன்னேன். ஏழு வாரம் என்று எழுதினார்கள். ஸ்கேனில் கருப்பை தெரிந்தது, அதற்குள் சின்னதாக ஒரு பை, பைக்குள் ஒரு வளையம். அவ்வளவுதான். ஏழு வாரத்தில் இதயத் துடிப்பு தெரிய வேண்டுமாம்.

"நாள் கணக்கு முன்னபின்ன இருக்கலாம். இல்லேன்னா வளர்ச்சி நின்னிருக்கலாம். இன்னைக்கு எதையும் முடிவா சொல்ல மாட்டேன். ரெண்டு வாரம் கழிச்சி வாங்க" என்றார் டாக்டர். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்.

ஷேர் ஆட்டோவில் அத்தை ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "சொன்னேனே."

இறங்கிப் போய் ஏதாவது கத்தியிருக்கலாம். கத்தல. எனக்கே ஒரு நிமிஷம் தோணிச்சு — நான்தான் ஊரெல்லாம் சொல்லிக் கெடுத்துட்டனா? இன்னாடி ஹேமா, நீயா இப்படி நினைக்கிற? பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. மணவாளன் சார் கை குவிச்சதுல என் குழந்தை நெஞ்சு நின்னு போச்சா? ச்சீ.

பிப்ரவரி 21

"அம்மா மேல கோவப்படாத" என்றார் விஜி. "எனக்கு முன்னாடி ரெண்டு தங்கல."

எனக்கு இது தெரியாது. முதல் தடவை தெரிந்த அன்றே அத்தை ஏலக்கரைக்கு ஓடி, எல்லார் கையிலும் சர்க்கரை போட்டாராம். சில வாரத்தில் போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. விஜியை வயிற்றில் வைத்திருந்தபோது வயிறு தானாகத் தெரியும்வரை யாரிடமும் சொல்லவில்லையாம். விஜி தங்கினார். அன்று மூடிய வாய்தான் அது.

அதைக் கேட்டு என் கோபம் போய்விட்டது. மூளையும் பழையபடி வேலை செய்ய ஆரம்பித்தது.

டாக்டர் போட்ட ஏழு வாரம் எங்கிருந்து வந்தது? குளித்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். பதினாலு நாள் கழித்துக் கரு உண்டானது என்று வைத்துக்கொள்கிறார்கள். அதாவது பொங்கல். பொங்கலன்று விஜி முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் வலை கட்டிக்கொண்டிருந்தார். அன்று எனக்குக் கரு உண்டாகியிருந்தால் அது பஞ்சாயத்துக்குப் போக வேண்டிய விஷயம். அவர் போன பிறகு அந்த மாதத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே நாள். கொடி ஏற்றி லட்டு கொடுத்த நாள்.

உடனே டாக்டருக்குப் போன் செய்தேன். பாடு, சீட்டு, முறை எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்கு எல்லா மாசமும் தள்ளித்தான் போகுமா?"

"எப்பவும் பத்து நாள் தள்ளிப்போகும் டாக்டர்."

"எப்பவும் பத்து நாள்னா அது தள்ளிப்போறது இல்லம்மா. அதுதான் உங்க உடம்போட கணக்கு. நேத்தே கேட்டிருக்கணும். அப்படிப் பாத்தா முட்டை வெளிவர்றதும் அவ்வளவு தள்ளித்தான். நீங்க சொல்ற தேதிக்கு இப்போ அஞ்சரை வாரம். நேத்து பார்த்த அளவு அதுக்குப் பொருந்துது. ஆனா துடிப்பைப் பார்த்தாத்தான் நான் வாயைத் திறப்பேன்."

மெஷினை காலிபரேட் செய்யாமல் ரீடிங் எடுத்தால் லேபில் யாரையும் விடமாட்டேன். என் உடம்புக்கு மட்டும் யாரோ வகுத்த இருபத்தெட்டு நாள் கணக்கைப் போட்டுவிட்டு, அது தப்பாகப் போகிறது என்று மாதாமாதம் அழுதிருக்கிறேன். செயலியைப் போனிலிருந்து தூக்கிவிட்டேன்.

துடிப்பு வரும். வரும் என்றுதான் எழுதுகிறேன், பென்சிலில் இல்லை, பேனாவில்.

பிப்ரவரி 23

அத்தை இறால் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாசனைக்குக் குமட்டியது, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"அத்த, ஆரம்பத்துலயே நின்னு போறதுல பாதிக்கு மேல, கரு சேர்ற அன்னிக்கே உள்ள இருக்கற குரோமோசோம் எண்ணிக்கை சரியா அமையாததால. தாய் கனம் தூக்குனது, நடந்தது, பேசனது, எதனாலயும் இல்ல. இதுவும் தங்கலைன்னா அப்படித்தான். நான் சொன்னதால இல்ல. நீங்க சொன்னதாலயும் இல்ல."

கை நின்றது. உரித்த இறால் விரலிலேயே இருந்தது.

"யாரு சொன்னா ஒனக்கு?"

"உங்க புள்ளதான்."

விரலில் இருந்த இறாலைச் சட்டியில் போட்டார். "முப்பது வருசத்துக்கு மேலாவுது. அந்தச் சக்கரையத்தான் நெனச்சிக்கினு கீறேன். கையக் கட்டிக்கினு ஊட்ல இருந்திருந்தா அதுங்க ரெண்டும் இருந்திருக்குமேன்னு." பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப நெசமா நான் சொன்னதால இல்லியா?"

"இல்ல அத்த."

மறுபடி உரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைக்க முடியாமல் கையெல்லாம் இறால். என் முந்தானையால் நானே துடைத்துவிட்டேன். இரண்டு பேருமாகத்தான் அழுதோம். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இன்று அதை எழுதிவிடலாம்.

பிப்ரவரி 28

இன்றும் வாந்தி. வாந்திக்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறவள் இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மார்ச் 5

துடிக்கிறது.

டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். பையின் ஓரத்தில் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று. அதன் நடுவில் ஏதோ மினுக் மினுக்கென்று. "உங்க பாடு கணக்கு ஒரு நாளும் பிசகல. ஏழு வாரம் சொச்சம். அக்டோபர் இருபது வாக்குல" என்றார். மழை பிடித்து, ஏரியில் இறால் ஏறும் காலம். அப்பனுக்கு அன்றைக்கு என்ன பாடு விழுந்தாலும் சரி, ஆஸ்பத்திரியில்தான் நிற்க வேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன்.

போன தடவை வெளியிலேயே நின்ற அத்தையை இந்தத் தடவை நானே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். திரைக்கு ரொம்பக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். "எறாக் குஞ்சாட்டம் கீது" என்றார். டாக்டர் அவருக்காக இன்னொரு நிமிடம் அப்படியே வைத்திருந்தார்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அத்தை என் கையை விடவில்லை. நடுவில் மளிகைக் கடையில் இறங்கி ஏதோ வாங்கினார். நான் கேட்கவில்லை.

சாயங்காலம் நைனாவுக்குப் போன் போட்டேன். சொல்லலாமா என்று அத்தையைப் பார்த்தேன். "உங்க நைனா தான, சொல்லு. வேற யாருக்கும் கிடையாது. மூணு மாசம் ஆவட்டும்" என்றார். சரி என்றேன். இனிமேல் இதற்குச் சண்டை போடுவதாக இல்லை. அல்சராகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

மார்ச் 8

ஞாயிறு. குமட்டல் கொஞ்சம் அடங்கியிருந்தது. காற்று வாங்கலாம் என்று ஏலக்கரைப் பக்கம் போனேன்.

படகுகள் வந்து நின்றிருந்தன. கூடைகளைச் சுற்றி வியாபாரிகள். பச்சையப்பன் அண்ணன் நடுவில் நின்று விலை கூவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கூவுவதை நிறுத்தினார். கூடையில் கையை விட்டு, ஒரு கை கிழங்கான் மீனை அள்ளி ஓரமாக எடுத்து வைத்தார்.

"அது இன்னா வெலை?" என்றார் ஒரு வியாபாரி.

"இது ஏலத்துக்கு இல்ல. ரத்னா ஊட்டு அல்சருக்கு."

கரையே சிரித்தது. எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் பார்த்தேன், அவர் மீசையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற வியாபாரி உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் சேலைத் தலைப்பில் கை துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்துக்குப் பின்னால் அத்தை. கையில் பிரித்த சர்க்கரைப் பொட்டலம். என்னைப் பார்த்ததும் அதை மறைக்கப் போனார், பிறகு மறைக்கவில்லை. நேராக வந்து என் கையை விரித்து, கொஞ்சம் போட்டார்.

மூன்று மாதம் ஆக இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நான் அதைச் சொல்லவில்லை. சாப்பிட்டேன்.